உரைகல் கழுத்து

ஹேமாவதியின் கழுத்து தங்கத்தை உரசிக் காட்டத் தொடங்கியது ஒரு வெள்ளிக்கிழமை காலையில், கொல்லைப்புறக் குளியலறையில், அவளுடைய அத்தை விருத்தாம்பாள் கடலைமாவும் எலுமிச்சைத் தோலும் பீர்க்கங்காய் நாருமாக அந்தக் கழுத்தை அடிப்பிடித்த பாத்திரம் விளக்குவதுபோல விளக்கிக்கொண்டிருந்தபோது. அன்று சாயங்காலம் பெண் பார்க்க வருகிறார்கள் என்பதால் அத்தைக்கு அவசரம். அவசரத்தில் குனிந்தவளின் சங்கிலி முன்னால் தொங்கி ஹேமாவின் பிடரியில் உரச, உரசிய இடத்தில் பளிச்சென்று ஒரு மஞ்சள் கோடு விழுந்தது.

நடந்ததை மேலே சொல்வதற்கு முன்னால் எங்கள் ஊரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கொள்ளிடக் கரையில் இருக்கும் இந்த ஊரில் முக்கால்வாசி வீடு கவரிங் பட்டறை. செம்பில் சங்கிலி கோத்து, அதன்மேல் தங்க முலாம் ஏற்றி, தங்கம் வாங்க முடியாத கழுத்துகளையெல்லாம் தங்கமாக்கி அனுப்புகிற ஊர். பொய்யை நேர்த்தியாகச் செய்து, பொய் என்று சொல்லியே விற்பதால் எங்களுக்கு அதில் கூச்சம் கிடையாது. ஹேமாவின் அப்பா சபாபதி பத்தர் கடையில் சங்கிலி மாட்டிக் காட்ட பொம்மைகூடக் கிடையாது, மகள் கழுத்துதான். நீளமான, நல்ல மாநிறக் கழுத்து. எந்த டிசைனைப் போட்டாலும் எடுத்துக் கொடுக்கும். கல்லூரி முடித்துவிட்டுக் கல்லாவில் வந்து உட்கார்ந்த அந்தப் பெண்ணுக்கு அந்த இடம் அவ்வளவு பிடித்திருந்தது. வருகிறவர்களோடு வாயாடி, கண்ணாடியைத் திருப்பிக் காட்டி, வேண்டாம் என்று வந்தவளைக்கூட ஒரு ஜோடித் தோடாவது வாங்க வைத்துத்தான் அனுப்புவாள்.

பிறகு கழுத்து கறுத்தது. முதலில் பிடரியில் நிழல் விழுந்த மாதிரி இருந்தது, அப்புறம் அந்த நிழல் தடித்தது, மடிப்பு மடிப்பாக முன்பக்கம் வந்தது, தொட்டுப் பார்த்தால் வெல்வெட் துணியைத் தடவிய மாதிரி மெத்தென்று இருந்தது. ஓரங்களில் குட்டி குட்டியாக மருக்கள் தொங்கின, அத்தை அவற்றைத் தலைமுடியால் சுருக்குப் போட்டு இறுக்கினாள். வாடிக்கையாளர்கள் நாலு விதமாகக் கேட்டார்கள். "குளிக்கிறியா இல்லியாடி?" என்று கேட்டவர்களை ஹேமா பொறுத்துக்கொண்டாள். "பத்தரே, ஒங்க சங்கிலி போட்டா கழுத்து இப்பிடித்தான் ஆவுமா?" என்று கேட்டவர்களைப் பத்தரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மகளைக் கல்லாவிலிருந்து எழுப்பி, அட்டையில் தோடு குத்தும் வேலைக்குப் பின்கட்டுக்கு அனுப்பிவிட்டார்.

பத்தர் சும்மா இருந்துவிட்டார் என்று சொல்லக் கூடாது. முலாம் தொட்டியை மாற்றினார். இரண்டு கோட்டிங் ஏற்றினார். அதற்கும் சரிப்படவில்லை என்றதும், செத்துப்போன மனைவியின் அசல் தங்கச் சங்கிலியை எடுத்து, அசலைப் போட்டால் தோல் தேறிவிடும் என்று மகள் கழுத்தில் மாட்டினார். கழுத்து இன்னும் கறுத்தது. பட்டறைக்காரனுக்கு எது கறுத்தாலும் குறை முலாமில்தான், உள்ளே இருக்கிற உலோகத்தைப் பற்றி அவன் யோசிப்பதில்லை. ஹேமாவின் அம்மாவுக்கும் இப்படித்தான் கழுத்து கறுத்திருந்தது, தாலிக்கயிறு உரசி வந்த கறுப்பு என்றார்கள். அந்த அம்மாவுக்குக் காலில் புண் வந்து, விரலை எடுத்து, பாதத்தை எடுத்து, கடைசியில் அவளையே எடுத்துக்கொண்டு போனார்கள். கால் புண்ணால் போனாள் என்றுதான் இன்றைக்கும் அந்த வீட்டில் சொல்கிறார்கள்.

இப்போது குளியலறைக்கு வருவோம். மஞ்சள் பொடி ஒட்டியிருக்கிறது என்று அத்தை தண்ணீர் ஊற்றினாள், கோடு போகவில்லை. நாரால் தேய்த்தாள், கோடு இன்னும் மின்னியது. "அண்ணே, இத்த கொஞ்சம் வந்து பாரேன்" என்று கூப்பிட்டாள். பத்தர் வந்தார், மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார், ஆயுசு முழுக்க உரைகல்லைப் பார்த்த கண் அது, உடனே கண்டுகொண்டது.

"பசும்பொன் கோடுடி இது."

பட்டறைக்குள் ஓடி ஒரு கவரிங் சங்கிலியை எடுத்து வந்து உரசினார், செம்புச் சிவப்பில் கோடு விழுந்தது. மனைவியின் சங்கிலியை உரசினார், மஞ்சள். தீபாவளிக்கு வீட்டுக்காரர் வாங்கித் தந்த வளையலை அத்தை தானாகவே நீட்டினாள், அது பழுக்கக் காய்ச்சிய மாதிரி சிவப்புக் கோடு போட்டது. மாமா அன்று மத்தியானம் சாப்பிட வரவில்லை, மறுநாளும் வரவில்லை. இதில் பத்தருக்கு இருந்த ஒரே வியப்பு, கல்லில் உரசினால் திராவகம் விட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறதே, இதற்கு அதுகூடத் தேவைப்படவில்லையே என்பதுதான். ஈரத் தலையோடு குனிந்து உட்கார்ந்திருந்தவளுக்குக் குளிர்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

சாயங்காலம் பெண் பார்க்க வந்தார்கள். பையனின் அம்மா பெண்ணைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், விஷயத்தைக் கேள்விப்பட்டாள், தன் வளையல்களைக் கழற்றி வரிசையாக உரசிப் பார்த்தாள், எல்லாம் மஞ்சள் என்றதும் வாயெல்லாம் பல்லாகக் காப்பி குடித்துவிட்டு, "உரைகல்ல யாராச்சும் மருமவளா எடுப்பாங்களா?" என்று சிரித்தபடி கிளம்பிப் போனாள்.

அதற்குப் பிறகு ஊர் வந்தது. ஊர் என்றால் முதலில் தெரு, பிறகு பக்கத்துத் தெரு, பிறகு ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள், பிறகு பஸ் பிடித்து வருகிறவர்கள். சீதனமாக வந்த நகையை உரசிப் பார்க்க மாமியார்களும், மாமியார் போட்ட நகையை உரசிப் பார்க்க மருமகள்களும், அடகுக் கடைக்காரர்களும், அடகுக் கடையிலிருந்து மீட்டு வந்தவர்களும், பாகம் பிரிக்கிற அண்ணன் தம்பிகளும் வந்தார்கள். நகைக்கடையில் மிஷின் இருக்கிறதே என்றால், மிஷின் நம்பர் சொல்கிறது, நம்பரை யார் கண்டது, கழுத்து மஞ்சளா சிவப்பா என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறது என்றார்கள். அழுக்கு என்று சொன்ன வாய்களே அதிசயம் என்றன. விஷம் உண்டு கண்டம் கறுத்த சாமி நம்ம ஊர்ச் சாமி, அவர் கறையில் கொஞ்சம் இந்தப் பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறார் என்று கோயில் குருக்கள் சொன்ன பிறகு, வருகிறவர்கள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தார்கள். பின்கட்டிலிருந்து ஹேமாவைக் கூட்டி வந்து மறுபடியும் கடையில் உட்கார வைத்தார் பத்தர். ஆனால் கல்லாவில் இல்லை, கடைக்கு முதுகைக் காட்டி, கூந்தலை முன்னால் போட்டு, சுவரைப் பார்த்து ஒரு முக்காலியில். நாள் முழுக்க அவள் சுவரைப் பார்த்தாள், ஊர் அவள் பிடரியைப் பார்த்தது.

காசு வாங்குவதில்லை என்று பத்தர் முடிவு செய்திருந்தார், சாமி கொடுத்ததற்குக் காசா என்று. அதற்குப் பதில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்று இருக்கிறது, தங்கம் அசல் என்று தெரிந்தால் சொன்னவர் வாயை இனிப்பாக்க வேண்டும். சங்கிலி மஞ்சள் காட்டினால் லட்டு, ஆரம் மஞ்சள் காட்டினால் பாதுஷா, வீட்டில் செய்த அதிரசம், நெய் வழியும் கேசரி, டின்னோடு பால்கோவா; கொண்டு வந்தவர்கள் எதிரிலேயே அவள் தின்ன வேண்டும், தின்னாவிட்டால் அந்தத் தங்கம் வீட்டில் தங்காது என்று ஒரு பேச்சு எப்படியோ முளைத்துவிட்டது. அவள் தின்றாள். தின்றதும் தூக்கம் வந்தது, தூக்கம் தெளிந்ததும் பசி வந்தது, சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள், மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போய் ஒருநாள் வருவதையே மறந்துவிட்டது. கறுப்பு தோளுக்கு இறங்கியது, அக்குளுக்குப் போனது, விரல் முட்டிகளில் ஏறியது. கறுக்கக் கறுக்கக் கோடு துலங்கியது. "மாத்து கூடிக்கிட்டே போவுது பாரு" என்று பத்தர் பூரித்தார்.

இவ்வளவு பேரில் கழுத்தைப் பார்த்தவர் ஒரே ஒருவர்தான். மகளுக்கு எடுத்த சங்கிலியோடு வந்த டாக்டர் மெஹருன்னிசா, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர், தன் முறை வந்ததும் சங்கிலியை எடுக்க மறந்துபோய் அந்தக் கறுப்பின்மேல் மெதுவாக விரலை வைத்தார். அழுத்தித் தேய்க்காத ஒரு கை தன் கழுத்தில் பட்டு எவ்வளவு நாளாயிற்று என்று ஹேமாவுக்குச் சட்டென்று கண் கலங்கியது.

"எத்தன வருஷமா இருக்கும்மா இது?"

"காலேஜ் முடிச்சு கொஞ்ச நாள்லேருந்து டாக்டர்."

"மாதவிலக்கு ஒழுங்கா வருதா?"

ஹேமா சுவரைப் பார்த்தபடி தலையை ஆட்டினாள், இல்லை என்று.

"வீட்ல யாருக்காவது சர்க்கரை?"

"இல்ல. அம்மா கால்ல புண்ணு வந்து எறந்துட்டாங்க."

"புண்ணு ஏன் ஆறல?"

பத்தர் தராசைத் துடைத்தார். எத்தனையோ வருஷமாக அந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்வியை ஒரு வெளியாள் நின்ற நிலையில் கேட்டுவிட்டதும், ஹேமாவதி முக்காலியில் உட்கார்ந்தபடியே திரும்பினாள். சுவரை விட்டுவிட்டு, முகத்தைக் காட்டி உட்கார்ந்தாள்.

மறுநாள் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தாள். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "இது அழுக்கும் இல்ல, வரமும் இல்ல. சாப்பிட்டது ஒடம்புல சேர்றதுக்கு இன்சுலின்னு ஒண்ணு சுரக்குது. அது சொல்றத ஒன் ஒடம்பு காதுல வாங்க மாட்டேங்குது. வாங்கலையேன்னு அது இன்னும் இன்னும் சுரக்குது. அந்தக் கூடுதல்தான் கழுத்துல கறுப்பா, தடிப்பா வந்து நிக்குது. அந்த மருவும் அதுலேருந்துதான். நீ சர்க்கரை நோய்க்கு வாசப்படி வரைக்கும் வந்துட்ட, இன்னும் உள்ள போகல. இப்பவே திரும்பினா திரும்பிடலாம்."

"எப்பிடித் திரும்பறது டாக்டர்?"

"நடக்கணும். இனிப்ப விடணும். சோத்தக் கொறச்சு காய், பயறு கூட்டணும். மாத்திரை வேணுமான்னு நான் பாத்துச் சொல்றேன். உள்ள சரியானா கறுப்பும் கொஞ்சம் கொஞ்சமா வாங்கும். தேய்ச்சு மட்டும் எடுக்காத, புண்ணாயிடும்."

"கறுப்பு போயிட்டா எங்க ஊருக்கு உரைகல் போயிடுமே" என்றாள் ஹேமா. சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவள், டாக்டர் பயந்துபோய்த் தண்ணீர் கொடுக்கிற அளவுக்குச் சிரித்தாள்.

வீட்டில் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. "ரைஸ்மில் குஞ்சிதபாதம் வூட்டுக் கல்யாணம் தை மாசம். பொண்ணு வூட்டு நகைய நம்ம கடையிலதான் ஒரசணும்னு தாம்பூலத்து அன்னிக்கே பேசிட்டாங்க. அது வரைக்கும் பொறுத்துக்கடா தங்கம், அப்பறமா நட" என்றார் பத்தர்.

"அது வரைக்கும் என்ன செய்யணும்ப்பா? இன்னும் கறுக்கணுமா?"

"நான் அப்பிடிச் சொல்லல."

"அம்மா கழுத்தயும் நீங்க பாத்தீங்க, கயிறுன்னீங்க. என் கழுத்தயும் பாத்தீங்க, முலாம்னீங்க, அப்பறம் கல்லுன்னீங்க. கழுத்துன்னு ஒருநாளாவது சொன்னீங்களா?"

பத்தருக்கு மகள்மேல் உயிர். ஆனால் உயிரை வைத்திருக்கிற இடமும் ஊர்ப் பெருமையை வைத்திருக்கிற இடமும் அவருக்கு ஒரே அறையாக இருந்தது. பட்டறைக்குப் போய் ஊதுகுழலை எடுத்துக்கொண்டார்.

ஹேமாவதி நடந்தாள். கூந்தலை உச்சியில் தூக்கிக் கட்டி, துப்பட்டாவை இடுப்பில் முடிந்து, கழுத்து முழுக்க வெயிலில் தெரிய கொள்ளிடக் கரையில் கீழ்மதகு வரைக்கும் போய் வந்தாள். வழியில் நின்றவர்கள் கும்பிட்டார்கள், கும்பிட்டவர்களிடம் "இது சர்க்கரைக்கு முன்னால வர்ற கறுப்புங்க, சாமி இல்ல" என்று ஒவ்வொருவராக நிறுத்திச் சொல்லிவிட்டுப் போனாள். லட்டைத் தொட மறுத்தாள். அப்போதுதான் ஊர் சுயரூபத்தைக் காட்டியது. காப்பியில் அத்தை திருட்டுத்தனமாகச் சர்க்கரை போட்டாள். சாம்பாரில் வெல்லம் கூடியது. ஊர்ச் சொத்தை ஒரு பெண் தன் இஷ்டத்துக்குக் கரைப்பதா என்று டீக்கடையில் பேசினார்கள், ஏதோ ஏரியை உடைத்து விட்டுவிட்ட மாதிரி. குருக்களே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"தெய்வம் குடுத்தத இப்பிடிக் கரைக்கலாமாம்மா?"

"பீர்க்கங்கா நார் போட்டுத் தேய்ச்சப்ப யாரும் வந்து கேக்கலயே சாமி. அப்பவும் இதே கழுத்துதான்."

அவர் மோர் குடித்துவிட்டுப் போய்விட்டார். ஹேமா தன் காப்பியைத் தானே போட்டுக்கொண்டாள், தன் தட்டில் தானே பரிமாறிக்கொண்டாள், நடப்பதை ஒருநாளும் விடவில்லை. மார்கழிப் பனியில் ஒருநாள் கரையில் அவளுக்குப் பின்னால் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. திரும்பினால் புடவைத் தலைப்பால் கழுத்தைச் சுற்றிக்கொண்டு அத்தை. "காத்து வாங்க வந்தேன்" என்றாள். ஹேமா நடையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாள்.

தை பிறந்தது. குஞ்சிதபாதம் இரண்டு காரில் சொந்தக்காரர்களோடும், பெரிய தாம்பாளத்தில் மைசூர்பாகோடும் வந்து இறங்கினார். பெண் வீட்டார் ஆட்டோவில் வந்தார்கள். வாத்தியார் வேலை பார்க்கிற அப்பா, நகைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்த மங்களேஸ்வரி என்கிற கல்யாணப் பெண். கடைக்குள் நிற்க இடமில்லை. பத்தர் ஆரத்தை எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, மகளின் பிடரியில் உரசினார்.

கோடு விழவில்லை.

மறுபடி உரசினார். மஞ்சளும் இல்லை, சிவப்பும் இல்லை. அந்தக் கழுத்து அப்போது பாதிக்குமேல் வெளுத்து, மெத்தென்றிருந்த தடிப்பு அடங்கி, வெறும் கழுத்தாகத் திரும்பிக்கொண்டிருந்தது. கழுத்தில் நகையை உரசினால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று, லேசாகச் சிவந்து எரிந்தது. ஆனால் குஞ்சிதபாதத்துக்குக் கழுத்தைப் பற்றி என்ன கவலை. "கோடே வுழல! செம்புகூட இல்லியா வாத்தியாரே, பித்தளைய வச்சி ஏமாத்த வந்தீங்களா?" என்று அவர் போட்ட சத்தத்தில் தெரு கூடியது. வாத்தியார் கையைக் கூப்பினார்.

கூப்பிய அந்தக் கையைப் பார்த்ததும் ஹேமாவுக்குத் தாங்கவில்லை. முக்காலியைக் காலால் தள்ளிவிட்டு எழுந்தாள், அப்பாவின் இழுப்பறையைத் திறந்து, மாதக்கணக்காக யாரும் தொடாத உரைகல்லை எடுத்துக் கல்லாவின்மேல் ணங்கென்று வைத்தாள்.

"தங்கத்த ஒரசறதுக்குக் கல்லு இருக்குது. இது என் கழுத்து."

ஆரத்தை அவளே உரசினாள். மஞ்சள் கோடு. திராவகம் ஒரு சொட்டு விட்டாள், கோடு கரையாமல் அப்படியே நின்றது. கல்லைத் தூக்கி ஒவ்வொருவர் மூக்குக்கு நேராகவும் காட்டிக்கொண்டு வந்தாள். குஞ்சிதபாதம் கனைத்துக்கொண்டு, "சரி சரி, நல்லதாப் போச்சு, வாய இனிப்பாக்கிக்க பாப்பா" என்று தாம்பாளத்தை நகர்த்தினார்.

"எனக்கு வாணாங்க. எடுத்துட்டுப் போங்க."

அதுவரை அப்பாவுக்குப் பின்னால் நின்ற மங்களேஸ்வரி முன்னால் வந்தாள். வேர்வையில் அவள் கழுத்துப் பவுடர் திட்டுத் திட்டாகக் கரைந்திருந்தது. ஹேமாவின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், கைக்குட்டையால் தன் கழுத்தை அழுத்தித் துடைத்தாள். பவுடருக்கு அடியில் அதே கறுப்பு, அதே வெல்வெட்டு. மாப்பிள்ளை வீட்டுப் பெண்களில் யாரோ "ஐயயே" என்றார்கள்.

"எந்த டாக்டரப் பாத்தீங்கக்கா?" என்று கேட்டாள் மங்களேஸ்வரி.

ஹேமா சொன்னாள். அந்தப் பெண் ஆரத்தை எடுத்துப் பெட்டியில் போட்டு மூடினாள். "வாங்கப்பா, போலாம். எங்கப்பா கை கூப்பி நின்ன எடத்துல நான் வாழ முடியாது" என்றாள். கூட்டம் தானாகவே விலகி வழிவிட்டது. தாம்பாளத்தைத் தூக்க யாரும் முன்வராததால் குஞ்சிதபாதமே தூக்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

ஊர் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. பிறகு இதையும் உள்ளே வாங்கிக்கொண்டது. கொள்ளிடக் கரையில் இப்போது காலையில் பெண்கள் கூட்டம், கூந்தலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, கறுத்த கழுத்தும் வெளுக்கிற கழுத்துமாகச் சத்தமாகப் பேசிக்கொண்டு நடக்கிறது. விருத்தாம்பாள் கழுத்தைச் சுற்றிய தலைப்பை எடுத்துவிட்டாள், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டோவில் மங்களேஸ்வரியும் வந்துவிடுகிறாள். சபாபதி பத்தர் பொம்மை ஒன்று வாங்கலாமா என்று மகளிடம் கேட்டார். மனைவியின் படத்துக்கு எதிரே வெகுநேரம் நின்றுவிட்டு வந்துதான் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஹேமாவதி கல்லாவில் போய் உட்கார்ந்தாள், தெருவைப் பார்த்து, முகத்தைக் காட்டி, பிடித்த டிசைனைத் தன் கழுத்தில் தானே எடுத்து மாட்டிக்கொண்டு. கறுப்பு முழுக்கப் போய்விடவில்லை. பிடரியில் இன்னும் ஒரு பட்டை இருக்கிறது. அதை மறைக்க அவள் ஒன்றும் செய்வதில்லை.

போன வாரம் வெளியூர்க்காரி ஒருத்தி வந்தாள், கழுத்து வரைக்கும் மூடிய ஜாக்கெட் போட்டவள். ஹேமா கண்ணாடியை எடுக்கத் திரும்பியபோது பிடரியைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த சங்கிலியைக் கீழே வைத்தாள்.

"என்னம்மா, ஒங்க கவரிங் போட்டா கழுத்து இப்பிடிக் கறுக்குமா?"

"சங்கிலி இல்லக்கா, சர்க்கரை" என்றாள் ஹேமாவதி, கல்லாவை விட்டு எழுந்து வந்து. "எங்க, அந்தக் காலர எறக்கிட்டு ஒங்க கழுத்தக் காட்டுங்க பாப்போம்."